மனசு எங்கே தடுமாறுகிறது என்று திரையில் பார்க்கலாம்: ஏர் பிஸ்டல் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

மதுரைப் பக்கம் பிள்ளைகளுக்கு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். "பிராக்டிஸில் நல்லா அடிக்கிறான், மேட்ச்சுன்னா ஸ்கோர் இறங்கிடுது, பயமா சார்?" என்பது ஒன்று. "அந்த ஸ்காட் மெஷின் வாங்கிக் கொடுத்தா சரியாயிடுமா?" என்பது அடுத்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் சொல்வேன். பிஸ்டல் எங்கே குறிபார்க்கிறது என்று திரையில் காட்டும் அந்த மெஷின் ஸ்கோரை ஏற்றாது. ஆனால் பயம் எந்த நொடியில் கைக்குள் வருகிறது என்பதைக் காட்டும். அது தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் பயிற்சி கொடுக்கலாம். அந்தப் பயிற்சியை எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏர் பிஸ்டல் இலக்கில் 10 என்ற வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டலை ஒரே கையில் நீட்டிப் பிடித்து, எதிலும் சாயாமல், 75 நிமிடத்தில் 60 ஷாட் சுடவேண்டும். அதற்கு முன்னால் சரிபார்த்துக்கொள்ள 15 நிமிடம் உண்டு. கை ஆடத்தான் செய்யும். ஒலிம்பிக் வீரருக்கும் ஆடும். ஆடாத கை யாருக்கும் கிடையாது என்பதை முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். ஆட்டத்தை நிறுத்தப் பார்ப்பவர்கள்தான் டிரிகரை வெடுக்கென்று இழுக்கிறார்கள்.

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒரு ஷாட்டுக்குள் நீங்கள் செய்வதை ஐந்தாறு சொற்களில் நோட்டில் எழுதுங்கள். கால், பிடி, மூச்சு, சைட், விரல், நில். என் பிள்ளைகள் பெரும்பாலும் இதைத்தான் எழுதுகிறார்கள். சிலர் தங்களுக்குப் பிடித்த சொல்லைப் போட்டுக்கொள்வார்கள், அது இன்னும் நல்லது. 'சைட்' என்பது பிஸ்டலின் மேல் குறிபார்க்க இருக்கும் பகுதி. 'நில்' என்பது சுட்ட பிறகும் ஓரிரு நொடி கையை இறக்காமல் சைட்டையே பார்த்து நிற்பது. ஃபாலோ த்ரூ என்று ரேஞ்சில் சொல்வோம். இந்தச் சொற்கள்தான் போட்டியில் மனசுக்குப் பிடிமானம். "பதற்றப்படாதே" என்று மனசுக்குச் சொன்னால் அது பதற்றத்தையே நினைக்கும். "விரல்" என்று சொன்னால் விரலை நினைக்கும்.

சரி, இப்போது மெஷினுக்கு வருவோம். ஸ்காட் என்பது பிஸ்டல் குழலில் மாட்டும் சின்ன கேமரா சென்சார். குழல் எந்த இடத்தை நோக்கியிருக்கிறது என்பதைத் தொடர்ந்து பார்த்து லேப்டாப் திரையில் கோடாக வரைந்துகொண்டே இருக்கும். பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போட்டும் சுடலாம், போடாமல் டிரை ஃபயரும் பண்ணலாம். கோட்டின் நிறத்தைக் கவனிக்கவேண்டும். குறிக்குள் வரும்போது பச்சை. சுடுவதற்கு முந்தைய ஒரு நொடி மஞ்சள். கடைசி 0.2 நொடி நீலம். சுட்ட பிறகு சிவப்பு.

பிள்ளைகள் உட்கார்ந்ததும் பார்ப்பது ஸ்கோரைத்தான். அதனால் முதல் சில அமர்வுகளில் திரையில் ஸ்கோர் வரும் பகுதியை ஒரு அட்டை வைத்து மறைத்துவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பார்க்கவேண்டியவை மூன்று. ஒன்று, கோடு குறிப்பகுதிக்குள் வந்ததிலிருந்து டிரிகர் விழும்வரை எத்தனை நொடி. இரண்டு, நீலக் கோடு மஞ்சளின் போக்கிலேயே போகிறதா, இல்லை திடீரென்று ஒரு பக்கம் தாவுகிறதா. வலது கைக்காரர்களுக்குக் கீழே இடப்பக்கம் தாவினால், விரல் பொறுமை இழந்து இழுத்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மூன்று, சிவப்பு. ஷாட் போனதும் சிவப்புக் கோடு கீழே சரிந்தால், பிள்ளை 'நில்' என்பதைச் செய்யாமல் மானிட்டரைப் பார்க்கத் திரும்பிவிட்டது என்று பொருள்.

இதில் முதலாவதுதான் எனக்கு முக்கியம். ப்ளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் என்னிடம் வருகிறாள். பயிற்சியில் அவள் ஷாட் எல்லாம் ஆறேழு நொடிக்குள் முடிந்துவிடும். ஒருநாள் கடைசி சீரிஸுக்கு (பத்து ஷாட்டுக்கு) முன்னால், "இதுல 94 வந்தா நீ டீமில் இருக்கே" என்று மட்டும் சொன்னேன். வேறெதையும் மாற்றவில்லை. முதல் ஷாட்டில் கோடு நான்காவது நொடியில் நடுவுக்கு வந்தது. அழகாக நின்றது. அவள் சுடவில்லை. கோடு வெளியே போனது, திரும்ப வந்தது, மறுபடி போனது. பன்னிரண்டாவது நொடிக்கு மேல் நீலம் ஒரே தாவாகக் கீழே இறங்கியது. 7.

"நாலாவது செகண்டில் ஏம்மா சுடலை?"

"இன்னும் கொஞ்சம் நல்லா வரும்னு நினைச்சேன் சார்."

இதைத்தான் ஓவர்ஹோல்டு என்கிறோம். பயம் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றவே இல்லை. நெஞ்சு படபடக்கவில்லை, கை வியர்க்கவில்லை. இன்னும் நன்றாகச் செய்யவேண்டும் என்ற ஆசையாகத்தான் அது அவளுக்குள் வந்தது. திரையில் மட்டும் அது கூடுதல் ஆறு நொடியாகத் தெரிந்தது. மூச்சை நிறுத்தி அவ்வளவு நேரம் நின்றால் தோள் தளரும், கண்ணில் சைட் மங்கும், அப்புறம் "இப்பவே சுட்டுவிடு" என்று விரலுக்குக் கட்டளை போகும். பிள்ளையிடம் "தைரியமா இரு" என்று எத்தனை முறை சொன்னாலும் இது மாறாது. எட்டு நொடியைத் தாண்டினால் கையை இறக்கு என்று பழக்கினால் மாறும்.

பழக்கும் முறை இது. டிரை ஃபயரில் ஐந்து முறை தூக்கினால் அதில் ஒருமுறை வேண்டுமென்றே சுடாமல் இறக்கவேண்டும். எது அந்த ஒருமுறை என்பதைப் பக்கத்தில் நிற்பவர் "இறக்கு" என்று சொல்லித் தீர்மானிக்கட்டும். கோடு நடுவில் அழகாக நிற்கும்போதுகூட இறக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பிள்ளைக்குக் கோபம் வரும். சில வாரத்தில் இறக்குவது தோல்வி இல்லை என்று கைக்குப் புரிந்துவிடும். போட்டியில் யாரும் சொல்லாமலே தானாக இறக்கி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி தூக்கும் பிள்ளையைப் பார்க்கும்போது எனக்கு 10 விழுந்ததைவிட அதிக சந்தோஷம்.

ஸ்காட் விலை அதிகம். ஒரு ரேஞ்சுக்கு ஒன்று இருந்தால் போதும், வீட்டுக்கு வீடு வேண்டாம். மெஷின் கிடைக்காதவர்கள் போனை ஸ்டாண்டில் வைத்து ஸ்லோ மோஷனில் டிரிகர் விரலைப் படம் பிடியுங்கள். விரல் சீராக அழுந்துகிறதா, கடைசியில் வெட்டுகிறதா என்பது தெளிவாகவே தெரியும். தூக்கியதிலிருந்து சுடும்வரை எத்தனை நொடி என்பதையும் அதே வீடியோவில் எண்ணிக்கொள்ளலாம். நான் சொன்ன பாதி விஷயத்துக்கு அது போதும்.

மெஷினோடு சேர்த்து இன்னொரு பழக்கம் கட்டாயம் வேண்டும். ஷாட் போனதும் மானிட்டரையோ திரையையோ பார்க்குமுன், அது எங்கே போனது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். "9, வலது பக்கம்." அப்புறம்தான் பார்க்கலாம். பார்க்காமலே இப்படிச் சொல்வதை ஷாட்டை 'கால்' (call) பண்ணுவது என்போம். தொடக்கத்தில் பிள்ளைகள் சொல்வதும் திரை காட்டுவதும் வெகுதூரம் விலகியிருக்கும். சுடும் நேரத்தில் கண் சைட்டின் மேல் இல்லை, இலக்குக்கு ஓடிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. நாளாக ஆக இரண்டும் நெருங்கும். அந்த நெருக்கம்தான் போட்டிக்குக் கொண்டுபோகும் சொத்து, ஏனென்றால் அங்கே ஸ்காட் இருக்காது. லேனில் (ஒவ்வொருவரும் நின்று சுடும் இடத்தில்) உள்ள மானிட்டர் பெல்லட் விழுந்த இடத்தைக் காட்டும். ஏன் அங்கே விழுந்தது என்பதைச் சுட்டவர்தான் அறிந்திருக்கவேண்டும்.

மூச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு நொடி உள்ளே, ஆறு நொடி வெளியே, மூக்கு வழியாக. நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். வெளிமூச்சு நீளமாக இருந்தால் இதயத்துடிப்பு இறங்கும். இதை நம்பாத பிள்ளைகளுக்கு மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டையை மாட்டி, போன் திரையில் எண் இறங்குவதைக் காட்டுகிறேன். பார்த்ததும் நம்பிவிடுகிறார்கள். பட்டையின் வேலை அதோடு முடிந்தது. சுடும்போது துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். 130 என்று ஒரு எண்ணைப் பார்த்தாலே இன்னும் பத்து ஏறும். துடிப்பு ஏறியிருந்தாலும் நல்ல ஷாட் வரும் என்பதையும் பழக்கவேண்டும். பத்து பர்ப்பி (கீழே குனிந்து எழுந்து குதிக்கும் உடற்பயிற்சி) போடச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கும்போதே பாதுகாப்பாகப் பிஸ்டலை எடுத்து ஐந்து ஷாட் டிரை ஃபயர் செய்யச் சொல்வேன். பதற்றத்தின் உடம்பு எப்படி இருக்கும் என்று கைக்கு அறிமுகம் ஆகட்டும்.

நெற்றியில் கட்டினால் மூளை அலையைக் காட்டும் பட்டைகளும் இப்போது விற்கிறார்கள். வாங்கவேண்டாம் என்பது என் கருத்து. ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா மூளை அலைப் பயிற்சி எடுத்தது உண்மை. ஆனால் அவர் பக்கத்தில் அதைப் படித்துச் சொல்ல நிபுணர்கள் இருந்தார்கள். வீட்டில் தனியாக ஒரு பிள்ளை அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் கவலைப்பட இன்னொரு விஷயம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்தக் காசுக்கு பெல்லட் வாங்குங்கள்.

மனக்காட்சிப் பயிற்சியில் எல்லாரும் தவறவிடுவது நேரத்தைத்தான். கண்ணை மூடிக்கொண்டு 60 ஷாட்டையும் ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். பத்து ஷாட் போதும், ஆனால் உண்மையான வேகத்தில் போகவேண்டும். படுத்துக்கொண்டு செய்யாதீர்கள். சுடும்போது போடும் ஷூவைப் போட்டு, நிற்கும் நிலையில் நின்று, கையில் பிடி இருக்கும் உணர்வோடு செய்யுங்கள். உங்கள் ஐந்தாறு சொற்களை உங்கள் குரலிலேயே, ஒரு ஷாட்டுக்கு ஆகும் இடைவெளியோடு போனில் பதிந்துவைத்துக்கொண்டு கேளுங்கள். கோச்சின் குரல் வேண்டாம், அங்கே கோச் காதுக்குள் பேசமாட்டார். பத்தில் இரண்டு ஷாட்டை மோசமாகப் போனதாகக் கற்பனை செய்யுங்கள். ஒரு 8 விழுகிறது, பிஸ்டலை மேசையில் வைக்கிறீர்கள், மூச்சு, கால், பிடி. எல்லாம் 10 என்று கனவு கண்டவர்களுக்கு முதல் 8 விழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாது.

அப்புறம், போட்டியை ரேஞ்சுக்குள் கொண்டுவரவேண்டும். பிந்த்ரா பெய்ஜிங் 2008-க்குத் தயாரானபோது பயத்தை உடம்பில் உணர்வதற்காக ஜெர்மனியில் உயரமான கம்பத்தில் ஏறினார். நம் பிள்ளைகளைக் கம்பத்தில் ஏற்றவேண்டியதில்லை. பெரிய போட்டிகளின் ஃபைனலில் பாட்டு ஓடும், வர்ணனை ஓடும், கூட்டம் கத்தும். அமைதியான ரேஞ்சில் மட்டுமே சுட்டுப் பழகிய பிள்ளைக்கு அது புது உலகம். ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் எடுத்து பழைய ஃபைனல் ஒன்றின் சத்தத்தை ஓடவிடுங்கள். பாரிஸ் 2024 முறைப்படியே நடத்துங்கள். ஐந்து ஷாட் 250 நொடிக்குள், இன்னொரு ஐந்து ஷாட் 250 நொடிக்குள், அதன்பிறகு கட்டளைக்கு ஒரு ஷாட், ஒவ்வொன்றுக்கும் 50 நொடி. 12-வது ஷாட்டிலிருந்து இரண்டு ஷாட்டுக்கு ஒருமுறை கடைசியில் இருப்பவர் வெளியே போகவேண்டும். வெளியே போனவர்கள் பின்னால் நின்று பார்க்கட்டும். பார்க்கப்படுவது என்னவென்று அப்போது தெரியும்.

நேரக் குறைவையும் பழக்குங்கள். மனு பாக்கர் டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலையில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி ரேஞ்சை விட்டு வெளியே போகவேண்டியிருந்தது. சரிசெய்து திரும்பியபோது 44 ஷாட்டுக்கு நாற்பது நிமிடம்கூட மிச்சமில்லை. ஷாட்டுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. வழக்கமாக 75 நொடி கிடைக்கும். 600-க்கு 575 சுட்டு 12-ஆவது இடத்தில் முடித்தார், இரண்டு புள்ளியில் ஃபைனல் போனது. மூன்று வருடம் கழித்து பாரிஸில் அதே போட்டியில் 221.7 சுட்டு வெண்கலம், இரண்டு நாளில் சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். அந்த டோக்கியோ ஸ்கோரை நான் பிள்ளைகளிடம் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்த நெருக்கடியில் 575 என்பது சாதாரணமில்லை. மாதம் ஒருமுறையாவது இருபது ஷாட்டை 16 நிமிடத்தில் சுட்டுப் பாருங்கள். வேகமாகத் தூக்குவதில் நேரம் மிச்சமாகாது. ஷாட்டுக்கு ஷாட் நடுவே வீணடிப்பதைக் குறைத்தால்தான் மிச்சமாகும் என்று தானாகவே புரியும்.

இதையெல்லாம் செய்யும்போதே ஒரு தாள் தயாராகவேண்டும். இடப்பக்கம் "இப்படி ஆனால்", வலப்பக்கம் "இதைச் செய்வேன்". பிஸ்டல் பழுதானால் கையைத் தூக்கி ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுவேன், நானே கழற்றமாட்டேன். தொடர்ந்து இரண்டு 8 விழுந்தால் பிஸ்டலை வைத்துவிட்டு மூன்று மூச்சு. பக்கத்து லேன்காரர் 10-க்கு மேல் 10 அடித்தால் என் மேசையின் விளிம்பைப் பார்ப்பேன். முதல் வரியாக எல்லாரையும் எழுதச் சொல்வது: தூக்குமுன் லேன் எண்ணைப் பார்ப்பேன்.

அந்த முதல் வரிக்குக் காரணம் அமெரிக்க ரைஃபிள் வீரர் மேத்யூ எம்மன்ஸ். ஏதென்ஸ் 2004, 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலை ஃபைனல். மூன்று புள்ளி முன்னிலை, ஒரே ஷாட் பாக்கி. அந்த ஷாட்டை அவர் பக்கத்து லேன் இலக்கில் சுட்டுவிட்டார். அது கணக்கில் வராது. தங்கத்திலிருந்து எட்டாவது இடம். பெய்ஜிங் 2008-இல் அதே போட்டி, மறுபடி முன்னிலை, மறுபடி கடைசி ஷாட். குறி இறங்கி வரும்போதே விரல் டிரிகரைத் தொட்டுவிட்டது. 4.4. நான்காவது இடம். லண்டன் 2012-இல் அவர் அதே போட்டிக்கு வந்து நின்று வெண்கலம் வாங்கினார். உலகத்தரமான ஒருவருக்கே மனசு அந்த ஒரு நொடியில் முந்திக்கொண்டு ஓடியது. உங்கள் பிள்ளைக்கு ஓடினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாளில் எழுதிவைத்து, பயிற்சியிலும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் எண்ணைப் பார்த்துப் பழகினால் போதும்.

பெற்றோர்களிடம் ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கை நடுக்கத்துக்கென்று யாராவது மாத்திரை சொன்னால் கொடுக்காதீர்கள். ப்ரோப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துப்பாக்கி சுடுதலில் தடை. போட்டி நாளில் மட்டுமில்லை, போட்டி இல்லாத நாளிலும் தடை. வட கொரியாவின் கிம் ஜாங் சு பெய்ஜிங்கில் வாங்கிய இரண்டு பதக்கத்தையும் இந்த மருந்தால்தான் இழந்தார். இதய நோய்க்காகவோ ஒற்றைத் தலைவலிக்காகவோ டாக்டர் உண்மையாகவே எழுதியிருந்தால், மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. முறைப்படி விலக்குக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறதா என்று டாக்டரிடமும் சங்கத்திடமும் முன்கூட்டியே கேளுங்கள். நாள்முழுக்க அழுகை, தூக்கமின்மை, ரேஞ்சுக்கு வரவே பயம் என்று இருந்தால் அது கோச் சரிசெய்யும் விஷயம் இல்லை, மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகெச் சாதாரணக் கண்ணாடி போட்டு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கலப்பு அணியில் வெள்ளி வாங்கிய படம் எல்லார் போனிலும் வந்தது. அதைக் காட்டி "கருவியே வேண்டாம் சார்" என்று ஒரு பையன் சொன்னான். அவருக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக் என்று சொன்னேன். அத்தனை வருடத்தில் அவர் உடம்பு கற்றதைத்தான் அந்தப் படத்தில் பார்க்கிறோம். நம் பிள்ளைகள் கற்கும் வழியில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கோடு பார்ப்பது உதவும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வியோடு உட்காரட்டும். இன்றைக்கு நேரம் மட்டும். நாளைக்குச் சிவப்பு மட்டும். கேள்வி இல்லாத நாளில் மெஷினை மாட்டாதீர்கள்.

போட்டிக்குப் பத்து நாள் முன்னால் ஸ்காட்டைக் கழற்றிவிடுகிறேன். அதன்பிறகு டிரை ஃபயர், மனக்காட்சி, முழு நேர ஒத்திகை, தாள். கடைசி இரண்டு நாளில் புதிதாக எதையும் மாற்றுவதில்லை, சைட்டின் ஒரு திருகைக்கூட. போட்டி முடிந்து வெளியே வந்ததும் பெற்றோர் ஸ்கோரைக் கேட்காமல் சாப்பிடக் கூட்டிப்போங்கள். அன்று இரவு பிள்ளை நோட்டில் மூன்று விஷயம் எழுதட்டும். எந்த ஷாட்டில் இறக்கியிருக்கவேண்டும், எதில் இறக்கினேன், எந்தச் சொல் கைகொடுத்தது. மறுநாள் லீவு. அதற்கடுத்த நாள் ஸ்காட்டை மாட்டும்போது கேள்வியை அந்த நோட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.